தீத் தாக்குதல் சக்தியை அளவோடு வடிவமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேபிள்டாப் ஆர்பிஜியில் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில்) சொந்தமாக ஒரு சக்தியை எழுத உட்காருபவர்கள் பலர் முதலில் கை வைப்பது நெருப்பில்தான். எளிதாகத் தெரியும், ஆனால் ஆட்டத்தை வேகமாகச் சாய்ப்பதும் அதுதான். கீழே உள்ள எண்கள் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளிலிருந்து எடுத்தவை. வேறு விதிமுறைகள் வரும் இடத்தில் பெயர் சொல்கிறேன். 8டி6 என்றால் ஆறுமுகப் பகடை எட்டை உருட்டிக் கூட்டுவது. 2டி10 என்றால் பத்துமுகப் பகடை இரண்டு.

எங்கிருந்து தொடங்குவது? எத்தனை பகடை என்பதை முதலில் முடிவு செய்யலாமா?

வேண்டாம். பகடை எண்ணிக்கையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நான்கு விஷயங்களுக்குப் பதில் எழுதுங்கள்: எத்தனை பேரைத் தாக்கும், எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தனை தடவை பயன்படுத்தலாம், தவறினால் என்ன ஆகும். இந்த நான்கும் உறுதியானால் பகடை எண் ஏறக்குறைய தானாக வந்து நிற்கும். ஒரே எதிரியை, பக்கத்தில் போய், நாளுக்கு ஒரு முறை மட்டும் எரிக்கிற சக்திக்கு 6டி6 சாதாரணம். அதே 6டி6-ஐ நூறு அடி தூரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் வீசலாம் என்றால் அந்த மேசையில் வேறு யாரும் பகடை எடுக்க வேண்டிய அவசியமே இருக்காது.

சமநிலை என்று எதை வைத்துச் சொல்வது? எதிரிகளை வைத்தா?

எதிரிகளை வைத்து அளந்தால் விடை கிடைக்காது. ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) நினைத்தால் எதிரிக்கு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) கூட்டலாம், இன்னும் நாலு பேரை இறக்கலாம், தீ ஏறாத பூதத்தை நிறுத்தலாம். அந்தப் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் சரிக்கட்டிக்கொள்ள முடியும்.

சரிக்கட்ட முடியாதது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரரின் முறை. வாள்வீரர் ஆடுபவர் தன் முறைக்காகக் காத்திருந்து, யோசித்து, உருட்டி, 11 சேதம் என்று சொல்கிறார். அடுத்த முறையில் தீ வீசுபவர் எழுந்து ஒரே அடியில் 90 என்கிறார். இது ஒரு தடவை நடந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். எல்லாச் சண்டையிலும் நடந்தால் வாள்வீரர் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆகவே தீ சக்தியின் அளவுகோல் உங்கள் குழுவில் உள்ள மற்ற கதாபாத்திரங்கள்தான். இந்தப் பக்கத்தில் உள்ள கணக்கெல்லாம் அதைக் கண்டுபிடிக்கத்தான்.

சராசரிச் சேதத்தை எப்படிக் கணக்கிடுவது?

பகடையின் சராசரி முதலில்: டி4-க்கு 2.5, டி6-க்கு 3.5, டி8-க்கு 4.5, டி10-க்கு 5.5. இதை வெற்றி வாய்ப்பால் பெருக்க வேண்டும்.

எதிரியின் கவசத்தை மீறி உருட்டும் தாக்குதல் என்றால் 65 சதவீதம் படும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் லெவலில் ஃபயர் போல்ட் என்ற தீ மந்திரம் 2டி10. சராசரி 11, அதில் 65 சதவீதம் 7.15. தாக்குதலுக்கு உருட்டும் இருபதுமுகப் பகடையில் இருபது விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பாகும், அதற்கு 0.55 சேர்த்தால் 7.7. அதே லெவலில் பெரிய வாள் வைத்திருக்கும் வீரர், வலிமைக்கு +4 என்று வைத்தால், இரண்டு அடியில் ஏறக்குறைய 15. அதாவது செலவே இல்லாமல் எப்போதும் வீசக்கூடிய தீ, வீரரின் சேதத்தில் பாதி. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ரொம்பவும் பயன்படும். வீரர் ஆபத்துக்குள் போய் நின்று அடிக்கிறார், மந்திரவாதி 120 அடி தள்ளி நின்று வீசுகிறார். பாதி என்பது நியாயம்.

எதிரி சேவ் (தப்பிப்பதற்கான பகடை) உருட்டி, தப்பினால் பாதி வாங்கும் வகை என்றால் கணக்கு வேறு. 60 சதவீதம் பேர் தவறுகிறார்கள் என்று வைத்தால், முழுச் சேதத்தில் 60 சதவீதமும் பாதிச் சேதத்தில் 40 சதவீதமும் சேர்ந்து மொத்தம் 80 சதவீதம். ஆகவே எழுதியிருக்கும் பகடையின் சராசரியை 0.8-ஆல் பெருக்கினால் போதும். 'தப்பினால் பாதி' என்ற வரி எவ்வளவு வலிமையானது என்று பலர் கவனிப்பதில்லை. ஐந்தாம் பதிப்பின் ஜிஎம் வழிகாட்டி, தப்பினால் சேதமே இல்லை என்று எழுதினால் பகடையை 25 சதவீதம் கூட்டலாம் என்கிறது.

ஃபயர்பால் என்ற வெடிக்கும் தீ மந்திரம் 8டி6 தானே? என் சக்திக்கும் அதையே வைத்தால் என்ன?

ஃபயர்பாலை அளவுகோலாக வைப்பதுதான் இந்த வேலையில் அதிகம் பார்க்கும் தவறு. அதே வழிகாட்டியில் புது ஸ்பெல் (மந்திரம்) எழுதுவோருக்கு ஒரு அட்டவணை இருக்கிறது. ஸ்பெல்லின் லெவல் வேறு, கதாபாத்திரத்தின் லெவல் வேறு. மூன்றாம் லெவல் ஸ்பெல் ஒருவரைத் தாக்கினால் 5டி10, பலரைத் தாக்கினால் 6டி6. ஃபயர்பாலோ 8டி6. சராசரி 21 இருக்க வேண்டிய இடத்தில் 28. வேண்டுமென்றே தூக்கலாக வைக்கப்பட்ட ஸ்பெல் அது.

அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1974-இல் இந்த விளையாட்டு முதலில் வந்தபோதே ஃபயர்பால் அதில் உண்டு. 1978-இன் விதிநூலில் மந்திரவாதியின் லெவலுக்கு ஒரு டி6 என்று உச்சவரம்பே இல்லாமல் ஏறியது. வெடிப்பு 33,000 கன அடியை நிரப்பும் என்ற விதியால், சின்ன அறையில் வீசினால் தீ வழி தேடித் திரும்பி வந்து வீசியவரையே பிடிக்கும். அந்த ஆபத்துதான் அப்போது அதற்குக் கடிவாளம். பின்னால் 1989-இன் இரண்டாம் பதிப்பில் 10டி6 என்று வரம்பு கட்டினார்கள். 2014-இன் வடிவத்தில் தீ மூலை திரும்பிப் பரவும், ஆனால் 20 அடி ஆரத்தைத் தாண்டாது. ஆபத்து குறைந்துவிட்டது, புகழ் மட்டும் அப்படியே இருக்கிறது.

நீங்கள் எழுதும் சக்திக்கு அந்தப் புகழின் சலுகை கிடையாது. அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். முதல் லெவலுக்கு ஒருவர் 2டி10, பலர் 2டி6. இரண்டாம் லெவலுக்கு 3டி10, 4டி6. நான்காம் லெவலுக்கு 6டி10, 7டி6.

பலரைத் தாக்கும் தீயில் எத்தனை பேர் சிக்குவார்கள் என்று எப்படிக் கணக்கு வைப்பது?

வரைபடம் இல்லாமல் ஆடுபவர்களுக்காக வழிகாட்டியிலேயே தோராயம் தரப்பட்டிருக்கிறது. கோளம் என்றால் ஆரத்தை ஐந்தால் வகுக்கவும். கூம்பு என்றால் நீளத்தைப் பத்தால். நேர்கோடு என்றால் முப்பதால். 20 அடிக் கோளத்தில் நான்கு பேர், 60 அடிக் கோட்டில் இரண்டு பேர், பர்னிங் ஹேண்ட்ஸ் என்ற தீ ஸ்பெல்லின் 15 அடிக் கூம்பில் மேல்நோக்கி முழுமையாக்கினால் இரண்டு பேர்.

ஃபயர்பாலுக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: 28-இல் 80 சதவீதம் 22.4, நான்கு பேருக்கு ஏறக்குறைய 90. வாள்வீரரின் ஆறு முறைகள். ஆனால் இந்த 90 ஐ அப்படியே நம்பவும் கூடாது. நான்கு பேரிடம் பரவிய 90, ஒருவர் மேல் இறங்கிய 90-க்கு ஈடாகாது. ஒரு ஹிட் பாயிண்ட் மிச்சமிருக்கும் ஓர்க் முழு பலத்தோடுதான் திருப்பி அடிக்கும். பரவிய சேதத்தால் யாரும் சாகவில்லை என்றால் அடுத்த சுற்றில் உங்கள் குழு வாங்கப்போகும் அடி ஒன்றுகூடக் குறைவதில்லை. அதனால் உங்கள் கதையில் எதிரிகள் கூட்டமாக வரும் சில்லறைகளா, இல்லை ஒன்றிரண்டு பெரிய தலைகளா என்று பாருங்கள். சில்லறைகள் என்றால் பரப்புத் தீ பயங்கரம், பெரிய தலைகள் என்றால் சுமார்.

பற்றி எரிந்துகொண்டே இருக்கும்படி எழுத ஆசை. எப்படி?

எழுதுங்கள். தீயை மற்றச் சேதங்களிலிருந்து பிரித்துக் காட்டுவதே அதுதான். மின்னல் வந்து போய்விடும், தீ நிற்கும். ஆனால் மூன்று கேள்விகளுக்கு விதியிலேயே பதில் இருக்க வேண்டும்: எப்போது சுடும், எப்படி அணையும், இரண்டு தடவை பற்றினால் கூடுமா.

கடைசிக் கேள்விக்கு என் பதில் எப்போதும் 'கூடாது'. ஏற்கெனவே எரிபவர் மறுபடி எரிய மாட்டார். கூடினால் கணக்கு கைவிட்டுப் போகும், ஒவ்வொருவர் மேலும் எத்தனை தீ என்று ஜிஎம் எழுதிவைக்க வேண்டி வரும்.

அணைப்பதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. ஐந்தாம் பதிப்பின் ஆல்கெமிஸ்ட் ஃபயர் (வீசி எறியும் தீக்குப்பி) ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் 1டி4 சுடும். ஆக்ஷன் (தன் முறையில் செய்யும் முக்கியச் செயல்) ஒன்றைச் செலவழித்து, 10 இலக்கில் சுறுசுறுப்புச் சோதனை வென்றால் அணையும். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் முறையின் முடிவில் சுடும், பிறகு இருபதுமுகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் தானாக அணையும். யாராவது பொருத்தமாக உதவினால் இலக்கு 10 ஆகும், தண்ணீரில் முழுக்கினால் உருட்டவே வேண்டாம். மூன்றாவது வழி, முறை முடியும்போதெல்லாம் சேவ் உருட்டுவது.

இவற்றில் எதை எடுக்கிறீர்கள் என்பது சேதப் பகடையைவிட முக்கியம். 15 இலக்கு என்றால் ஒரு தடவைக்கு 30 சதவீதம்தான் அணையும், ஆக சராசரியாக 3.3 தடவை சுடும். 1டி6 என்று சின்னதாக எழுதியது உண்மையில் 11.7 சேதம். இலக்கு 10 என்றால் சராசரி 1.8 தடவை, சேதம் 6.4. ஒரு எண்ணை மாற்றியதில் சேதம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

ஆக்ஷன் செலவழித்து அணைக்கும் வழியில் வேறொரு பொறி இருக்கிறது. எதிரி அணைக்க முயன்றால் அந்தச் சுற்றில் அடிக்க மாட்டான். அதாவது உங்கள் தீ சேதமும் கொடுத்து, ஒரு முறையையும் பறிக்கிறது. கும்பலாகப் பலரைப் பற்றவைத்தால் ஒரு சுற்று முழுக்க எதிரித் தரப்பு தன் மேல் உள்ள தீயைத் தட்டிக்கொண்டிருக்கும். பரப்புத் தீக்கு இந்த வழியை நான் தர மாட்டேன். ஒருவரைத் தாக்கும் தீக்கு அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே எதிரிக்கு ஒரு நிஜமான தேர்வு கிடைக்கிறது: எரிந்துகொண்டே அடிப்பதா, நின்று அணைப்பதா. ஆட்டத்தில் சுவாரஸ்யம் வருவது இந்த மாதிரி இடத்தில்தான்.

இன்னொன்று. தாமதமாக வரும் சேதம் உடனே வரும் சேதத்தைவிட மதிப்பு குறைவு. அந்த எதிரியை நண்பர் ஒருவர் அடுத்த முறையிலேயே வீழ்த்திவிட்டால் மிச்சத் தீ வீண். சண்டைகள் மூன்று நான்கு சுற்றில் முடியும் மேசை என்றால் மூன்று தடவைக்கு மேல் சுடுவதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

ஒரு சக்தியை முழுதாகச் செய்து காட்ட முடியுமா?

'தழல் வீச்சு' என்று ஒன்று எழுதுவோம். இரண்டாம் லெவல், 60 அடி நீளம், 5 அடி அகலக் கோடு. கோட்டில் இருப்பவர்கள் சுறுசுறுப்பு சேவ் உருட்ட வேண்டும், தப்பினால் பாதி. தவறியவர் பற்றி எரிவார்.

அட்டவணைப்படி பலரைத் தாக்கும் இரண்டாம் லெவலுக்கு 4டி6, சராசரி 14, அதில் 80 சதவீதம் 11.2. இதுதான் நம் கையில் உள்ள பட்ஜெட், ஒருவருக்கு.

முதல் அடிக்கு 3டி6 கொடுப்போம். 10.5-இல் 80 சதவீதம் 8.4. மிச்சம் 2.8. இனி எரிதல்: முறையின் தொடக்கத்தில் சுடும், முடிவில் சேவ், 40 சதவீதம் அணையும், மூன்று சுற்று மட்டும் கணக்கு. முதல் சுற்றில் உறுதியாக, இரண்டாவதில் 60 சதவீதம், மூன்றாவதில் 36 சதவீதம்; கூட்டினால் 1.96 தடவை. முதல் சேவில் தவறிய 60 சதவீதம் பேருக்குத்தான் இது. 1டி6 வைத்தால் 4.1 வருகிறது, மொத்தம் 12.5, பட்ஜெட்டுக்கு மேல். 1டி4 வைத்தால் 2.9, மொத்தம் 11.3. கனகச்சிதம்.

நான் 1டி4-ஐத்தான் எடுப்பேன். தாமதச் சேதம் மதிப்பு குறைவு என்று சொல்லி 1டி6 கேட்பவர்களோடு சண்டை போடவும் மாட்டேன். எழுதி முடித்தால் இப்படி இருக்கும்:

'தழல் வீச்சு. ஒரு ஆக்ஷன். உங்களிடமிருந்து 60 அடி நீளம், 5 அடி அகலத்துக்குத் தீ பாய்கிறது. அதில் உள்ள ஒவ்வொருவரும் சுறுசுறுப்பு சேவ் உருட்ட வேண்டும். தவறினால் 3டி6 தீச் சேதம், மேலும் அவர் பற்றி எரிவார். தப்பினால் பாதிச் சேதம் மட்டும். எரிபவர் தன் முறையின் தொடக்கத்தில் 1டி4 தீச் சேதம் வாங்குவார், முறையின் முடிவில் மறுபடி சேவ் உருட்டலாம், வென்றால் தீ அணையும். தண்ணீரில் இறங்கினால் உடனே அணையும். ஏற்கெனவே எரிபவர் மறுபடி பற்ற மாட்டார். ஒரு நிமிடத்தில் தீ தானாக அடங்கும்.'

தண்ணீர் வரியை விட்டுவிடாதீர்கள். அதை எழுதாவிட்டால் முதல் ஆற்றங்கரைச் சண்டையிலேயே பத்து நிமிடம் விவாதம் நடக்கும்.

பல உயிரினங்களுக்குத் தீ ஏறாதே. அதற்காகச் சேதத்தைக் கூட்டலாமா?

கொஞ்சம் கூட்டலாம், ஒரு பகடை அளவுக்கு. சிவப்பு டிராகன், தீப் பூதம், இம்ப் (குட்டிப் பிசாசு) போன்றவற்றுக்குத் தீ ஒன்றும் செய்யாது. இன்னொரு பக்கம், மம்மியும் ட்ரீயன்டும் (நடமாடும் மரம்) தீயில் இரட்டிப்பு வாங்கும், ட்ரோலின் காயம் ஆறாமல் தடுக்கத் தீ அல்லது அமிலம் வேண்டும். ஆகவே தீ எல்லா இடத்திலும் நஷ்டம் என்று சொல்ல முடியாது. உங்கள் கதை எரிமலைக்குள் நடக்கிறதா, பழைய கல்லறையிலா என்பதைப் பொறுத்தது.

எதிர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஐந்தாம் பதிப்பில் எதிர்ப்பு என்றால் பாதி. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் குறிப்பிட்ட எண்ணைக் கழிக்க வேண்டும். பாதி என்றால் பெரிய அடியும் சின்ன எரிதலும் ஒரே விகிதத்தில் குறையும். ஐந்தைக் கழிப்பது என்றால் 1டி6 எரிதல் ஏறக்குறைய செத்துவிடும், ஆறு விழுந்தால் மட்டும் ஒரே ஒரு சேதம். கழிக்கும் விதிமுறையில் ஆடுபவர்கள் சேதத்தைச் சின்னச் சின்னதாகப் பிரிக்காமல் மொத்தமாக வைப்பது நல்லது.

எந்த எதிர்ப்பையும் மீறும் தீ எழுதலாமா?

எதிர்ப்பைப் புறக்கணிக்கலாம், முழு விலக்கை மீறக் கூடாது. தீயில் பிறந்த பூதத்தையே எரிக்கும் தீ என்றால் அது தீ அல்ல, பெயர் மாற்றிய வேறு சேதம்.

தீ பொருட்களை எரிக்குமா? வீடு, காடு, எதிரியின் அங்கி, கையில் உள்ள வரைபடம்?

விதியில் எழுதாவிட்டால் ஆட்டக்காரர்கள் கேட்பார்கள், நியாயமாகவே கேட்பார்கள். ஃபயர் போல்ட், ஃபயர்பால் இரண்டிலும் உள்ள வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: யாரும் அணியாத, கையில் பிடிக்காத எரியக்கூடிய பொருள் பற்றும். இந்த ஒரு வாசகம் பெரிய தலைவலியைத் தவிர்க்கிறது. எதிரியின் சுவடியும் உங்கள் நண்பரின் கயிறும் ஒவ்வொரு சண்டையிலும் சாம்பலாகாது. மேசை, வைக்கோல், மரக்கதவு எரியும்.

இதைச் செலவாகவும் பாருங்கள். தீ வீசுபவர் நூலகத்தில் தயங்க வேண்டும். பிணைக்கைதி இருக்கும் கொட்டகையில் தயங்க வேண்டும். அந்தத் தயக்கம் நீங்கள் பகடையில் குறைத்ததற்குச் சமம், ஆனால் ஜிஎம் அந்த இடங்களை உண்மையில் கதையில் வைத்தால்தான் அது செலவு. எப்போதும் வெறும் கல் குகையிலேயே சண்டை என்றால் அந்தச் சலுகையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நண்பர்களைச் சுடுமா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. சுடும் என்றே வையுங்கள். நண்பரைத் தவிர்த்துச் சுடும் திறன் வேண்டுமென்றால் அதற்கு விலை வாங்குங்கள். ஐந்தாம் பதிப்பில் எவோகேஷன் (ஆற்றலை ஏவும் மந்திரப் பிரிவு) மந்திரவாதிக்கு அது ஒரு தனித் திறனாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் இலவசம் இல்லை.

எத்தனை தடவை பயன்படுத்தலாம் என்பதை எப்படி முடிவு செய்வது?

இங்கேதான் உங்கள் குழுவின் பழக்கம் எல்லாக் கணக்கையும் மாற்றும். ஐந்தாம் பதிப்பு, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு நடுத்தரச் சண்டைகள் இருக்கும் என்ற எண்ணத்தில் அளக்கப்பட்டது. பல மேசைகளில் ஒரு நாளைக்கு ஒரு சண்டைதான் நடக்கிறது. ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு மூன்றாம் லெவல் ஸ்லாட் இரண்டு, அதாவது அந்த லெவல் ஸ்பெல்லை நாளுக்கு இரண்டு தடவை வீசலாம். எட்டுச் சண்டைக்கு இரண்டு ஃபயர்பால் என்றால் எங்கே செலவழிப்பது என்று யோசிக்க வேண்டும். ஒரே சண்டை என்றால் யோசிக்க ஒன்றுமில்லை: இரண்டு ஃபயர்பாலில் 180, வாள்வீரரின் நான்கு முறையில் 60.

ஆகவே ஒரு நாளுக்கு ஒரு சண்டை என்று ஆடுபவர்கள் 'நாளுக்கு மூன்று முறை' என்று எழுதினால் அது கட்டுப்பாடே இல்லை. 'சண்டைக்கு ஒரு முறை' என்று எழுதுங்கள். அல்லது டிராகனின் மூச்சுக்கு உள்ளதுபோல, ஒவ்வொரு முறையும் ஆறுமுகப் பகடையில் 5, 6 விழுந்தால் திரும்பக் கிடைக்கும் என்று வைக்கலாம். சண்டையின் நடுவே எப்போது வரும் என்று தெரியாத பரபரப்பு நன்றாக இருக்கும். சண்டைக்கு வெளியே அந்தப் பகடை கிடையாது என்று சேர்த்து எழுதிவிடுங்கள்.

லெவல் ஏறும்போது?

ஃபயர் போல்ட்டைப் பாருங்கள்: 5, 11, 17 ஆகிய லெவல்களில் ஒவ்வொரு பகடை கூடும். வீரர்களின் சேதம் குதிக்கும் லெவல்களில் உங்கள் தீயும் குதித்தால் போதும். ஒவ்வொரு லெவலிலும் கூட்டாதீர்கள்.

புள்ளி கொடுத்துச் சக்தி வாங்கும் விதிமுறையில்?

அங்கே பாதி வேலை முடிந்த மாதிரி. ஜியுஆர்பிஎஸ் என்று எழுதி 'கர்ப்ஸ்' என்று சொல்லப்படும் விதிமுறையின் 2004-இன் நான்காம் பதிப்பில் எரிக்கும் தாக்குதல் பகடைக்கு 5 புள்ளி. பரப்பளவு சேர்த்தால் ஒவ்வொரு படிக்கும் 50 சதவீதம் கூடும், ஒவ்வொரு உபயோகத்துக்கும் களைப்பு உண்டு என்று வைத்தால் களைப்புப் புள்ளிக்கு 5 சதவீதம் குறையும். விலை சரியாக இருப்பதால் ஆட்டம் சமமாக இருக்கும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். எல்லாப் புள்ளியையும் ஒரே தீயில் கொட்டுபவரைத் தடுக்க, சேதத்துக்கு உச்சவரம்பு ஒன்றைக் கதாபாத்திரம் உருவாக்கும் நாளிலேயே ஜிஎம் சொல்லிவிட வேண்டும்.

ஆடிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

சேதத்தை எழுதிவைப்பது நல்லதுதான், ஆனால் அதைவிட இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, தீ வீசுபவர் தன் முறையில் வேறு எதையாவது தேர்ந்தெடுக்கிறாரா. ஒவ்வொரு சண்டையும் அதே சக்தியில் தொடங்குகிறது என்றால் அது மலிவாக இருக்கிறது. ஒருபோதும் எடுப்பதில்லை என்றால் விலை அதிகம், அல்லது விதி குழப்பமாக இருக்கிறது. இரண்டாவது, மற்றவர்கள் அந்தத் தீயோடு சேர்ந்து திட்டம் போடுகிறார்களா. 'நான் இவர்களைக் கோட்டுக்குள் தள்ளுகிறேன், நீ வீசு' என்று ஒருவர் சொன்னால் உங்கள் சக்தி நன்றாக அமைந்திருக்கிறது.

ஆட்டத்துக்கு நடுவில் அளவு மீறிவிட்டது தெரிந்தால்?

அந்த அமர்வு முடியும்வரை அப்படியே விடுங்கள். முடிந்ததும் அந்த ஆட்டக்காரரிடம் தனியாகப் பேசி, கணக்கைக் காட்டி, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். முதலில் எத்தனை தடவை என்பதில் கை வையுங்கள், அப்புறம் பரப்பளவு, பகடையைக் கடைசியாக. கை நிறையப் பகடையை உருட்டுவதற்காகத்தான் அவர் தீயைத் தேர்ந்தெடுத்தார். அதை எடுத்துவிட்டால் அவரிடம் ஒன்றும் மிஞ்சாது. மாற்றத்துக்குப் பிறகு சக்தி பிடிக்கவில்லை என்றால் வேறொன்றை இலவசமாக எடுத்துக்கொள்ள விடுங்கள்.